வீட்டுப் பெயர், அட்டைப் பெயர்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பர்மாவின் ஐராவதி டெல்டா கிராமங்களுக்காக ஓர் இணையதளம் செய்துகொண்டிருக்கிறோம். கென்யாவில் 2008-ல் வந்த உஷாஹிதி மாதிரி. குடிநீர் இல்லை, பாலம் உடைந்துவிட்டது, இன்னாரைக் காணவில்லை என்று ஊர்மக்களே கைபேசியிலிருந்து வரைபடத்தில் குறிக்கலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதற்கு யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சரிவருமா, குறுஞ்செய்தியே போதுமா? அங்கே நெட் எப்படி? படிவத்தின் மாதிரியை இணைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். என் பாட்டி அந்த டெல்டாவில் உள்ள போகலேயில் பிறந்தவர். 1964-ல் கப்பலேறி வந்துவிட்டார். அவருடைய அண்ணன் சுப்பையா அங்கேயே தங்கிவிட்டார். அவர் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க முடியுமா?

ப., கோவை

அன்புள்ள தம்பி,

உங்கள் படிவத்தைத் திறந்தேன். முதல் கட்டம், முதல் பெயர். அடுத்த கட்டம், கடைசிப் பெயர். இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் மேலே போக விடாது. அங்கேயே மூடிவிட்டேன். கொஞ்சம் திட்டத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பர்மியருக்குக் கடைசிப் பெயர் கிடையாது. 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டை உங்களுக்குத் தெரியும். 'ஊ' என்பது நம் 'ஐயா' மாதிரி ஒரு மரியாதைச் சொல். பெயர் வெறும் தாண்ட். உங்கள் தளத்துக்கு அவர் வந்தால் முதல் பெயர் ஐயா, கடைசிப் பெயர் தாண்ட் என்று பதிவாகும். பையனாக இருக்கும்போது மவுங், இளைஞனானால் கோ, பெரியவரானால் ஊ. பெண்ணுக்கு முதலில் மா, பிறகு டோ. எழுதுகிறவர் யார், அவருக்கு என்ன வயது என்பதைப் பொறுத்து ஒரே ஆள் கோவாகவும் வருவார், ஊவாகவும் வருவார். உங்கள் கணினிக்கு அது இரண்டு ஆள்.

சரி, பர்மியர் சமாசாரம் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் தமிழர்தானே? உங்களுக்கு மட்டும் கடைசிப் பெயர் ஏது? நம் பிள்ளைகள் அமெரிக்க விசாவுக்குப் போய், ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது முதல் பெயர் தெரியாதவர், என்று அச்சாகி வந்ததை நீங்கள் பார்த்ததே இல்லையா? அதே கட்டத்தை எடுத்து வந்து டெல்டாக்காரன் முன்னால் நீட்டுகிறீர்கள். அதற்குப் பேர் பங்கேற்பாம்.

பர்மாத் தமிழரான எங்கள் கதை இன்னும் சிக்கல். டெல்டாவில் தமிழர் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. 1930களின் கடைசியில் கீழ்பர்மாவின் நெல் நிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அந்த வயல்களில் இறங்கி நட்டதும் அறுத்ததும் வேறு தமிழர்கள். அந்தச் சனத்தின் பேரன் பேத்திகளுக்கு இன்று இரண்டு பெயர். அடையாள அட்டையில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. அடையாள எண்ணுக்கும் நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இளஞ்சிவப்பு அட்டை உள்ளவர், நீலம் உள்ளவர், பச்சை உள்ளவர், ஒன்றுமே இல்லாதவர் என்று நாங்கள் பல தினுசு. அந்த நட்சத்திரத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

நர்கீஸ் புயல் அடித்தது 2008 மே 2-ஆம் தேதி இரவு. இறந்தவரும் காணாமல் போனவருமாக அரசுக் கணக்கிலேயே 1,38,000 பேருக்கு மேல். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எங்கள் தெருக்காரர்கள் அரிசி, மெழுகுவத்தி, பழைய கைலி எல்லாம் ஏற்றி, யாங்கோனிலிருந்து பியாப்போன் வழியாகப் போகலேக்கு வேன் எடுத்தோம். வழியில் பட்டதை விடுங்கள். அங்கே ஒரு பொங்கி மடம், அதாவது புத்த பிக்குகள் மடம், கூரை பாதிதான் மிச்சம். அதற்குக் கீழே இருநூறு பேர் இருப்பார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். ஸ்கேல் இல்லை. மெழுகுவத்திப் பெட்டியின் ஓரத்தை வைத்துக் கோடு போட்டேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது. நாலு கட்டம். அட்டை தப்பியவர்களிடம் அட்டையைப் பார்த்து எழுதினேன். உறைக்குள் தண்ணீர் புகுந்து முகம் கரைந்திருந்தது, எழுத்து மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பெண் படகில் வந்தாள். "சயா, ராக்காயின்னு என் தங்கச்சி. இருக்காளா பாருங்க." நாலு பக்கமும் விரல் வைத்துத் தேடினேன். "இல்லம்மா" என்றேன். அவள் அழவில்லை. இடுப்பு முடிச்சை அவிழ்த்து இறுக்கிக்கொண்டு திரும்பப் படகில் ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலம் சோறு போடுகிறபோது, மடத்துக்குப் பின்னால் இரண்டு நாளாகப் பானை கழுவிக்கொண்டிருந்த பெண் தட்டை நீட்டி, "கொஞ்சம் சாஸ்தி போடுங்கண்ணே" என்றாள். என் நோட்டில் அவள் பெயர் 'டோ ஏ தான்', தகப்பன் பெயர் 'ஊ பா சீன்'. நானே எழுதியது.

"தமிழாம்மா நீ? வீட்ல என்ன பேரு?"

"ராக்காயி."

கரண்டியோடு படகுத்துறைக்கு ஓடினேன். என்ன பிரயோசனம்? மறுநாள் இவளை அக்கா இருந்த முகாமுக்கு அனுப்பினோம். அக்கா அங்கே இல்லை. கடைசியில் இருவரும் சந்தித்துவிட்டார்கள் என்று ஒரு வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். நடுவில், நான் சொன்ன ஒரு 'இல்லை'யை நம்பி, அக்காக்காரி தங்கைக்குக் கருமாதியும் செய்து முடித்திருந்தாள்.

அன்று ராத்திரி நோட்டின் ஓரத்தில் ஐந்தாவது கோடு போட்டேன்: வீட்டில் கூப்பிடும் பெயர். ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டு எழுதினேன். பர்மியரிடமும் கேட்டேன், அவர்களுக்கும் இருந்தது.

உஷாஹிதியைச் சொன்னீர்கள். சுவாஹிலியில் 'சாட்சியம்' என்று பொருள். தேர்தல் கலவரத்தின்போது அதைத் தொடங்கியவர்களில் கென்யர்களே முக்கியமானவர்கள். நைரோபியின் கிபேரா குடிசைப்பகுதி வரைபடத்தில் வெற்றிடமாகக் கிடந்தது. 2009-ல் அந்தப் பகுதி இளைஞர்களே ஜி.பி.எஸ். கருவியோடு சந்து சந்தாக நடந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். எதைக் குறிப்பது என்பதைத் தெருவை அறிந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் நாலு பேரில் டெல்டாவைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014-ல் 1,500 சாட்டுக்கு (சாட் எங்கள் நாணயம்) சிம் கிடைத்த பிறகு எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. நெட் இருக்கும்போது இருக்கும். பர்மிய எழுத்துக்கு சாஜி, யூனிகோட் என்று இரண்டு முறை உண்டு. 2019 அக்டோபரில் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியாயிற்று, ஆனாலும் பழைய போன்கள் பழைய போன்கள்தான். ஒன்றில் அடித்ததை மற்றதில் தேடினால் சிக்காது. பாமினி எழுத்துரு காலத்தை அனுபவித்த தமிழருக்கு இதை விளக்க வேண்டாம். 'யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்ற வரியை மட்டும் அழித்துவிடுங்கள். எந்த ஊரில் எத்தனை பேர் ஒதுங்கியிருக்கிறார்கள் என்று எல்லாரும் பார்ப்பது இப்போது எங்களுக்கு ஆகாது. அதற்கு மேல் எழுதமாட்டேன். வரைபடமா குறுஞ்செய்தியா என்பது எனக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை, எது மலிவோ அதைச் செய்யுங்கள்.

போகலேயில் தெரிந்த இரண்டு பேரிடம் சொல்லி வைத்தேன். சுப்பையா என்று யாரும் இல்லை என்கிறார்கள். 'இல்லை' என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. பாட்டியிடம் கேளுங்கள். கடைத்தெருவில் பர்மாக்காரர்கள் அவர் அண்ணனை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? பாட்டிக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும், அதையும் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்கிற மாதிரியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.