மீண்டு வரும் சூப்பர் ஹீரோக்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘டெத் ஆஃப் சூப்பர்மேன்’ வந்து முப்பது வருடம் ஆனதையொட்டி அமெரிக்க காமிக்ஸ் நிறுவனமான டிசி 2022இல் வெளியிட்ட சிறப்பிதழை இப்போதுதான் வாசித்தேன். அன்று எழுதி வரைந்த அதே ஆட்களைக் கூட்டிவந்து செய்திருக்கிறார்கள். நடுவில் முப்பது வருடம் போனதே தெரியவில்லை. அந்த உற்சாகத்தில் ஃபிராங்க் மில்லரின் பேட்மேன் கதையான ‘தி டார்க் நைட் ஸ்ட்ரைக்ஸ் அகெய்ன்’, கிறிஸ் கிளேர்மான்ட்டின் ‘எக்ஸ்-மென் ஃபாரெவர்’ இரண்டையும் தேடி வாங்கினேன். முதலாவதைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். இரண்டாவது பரவாயில்லை, ஆனால் பழைய ருசி இல்லை. எல்லாரும் ஜாம்பவான்கள்தான், அவரவர் ஹீரோவுக்குத்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். பிறகு ஏன் ஒன்று மட்டும் கைகூடியது? வாங்கும் முன்பே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? நாம் தமிழில் படித்த இரும்புக்கை மாயாவியையும் ஸ்பைடரையும் (ஸ்பைடர்மேன் அல்ல) இதேபோல யாராவது மீட்க மாட்டார்களா?

கே.ஆர்., ஈரோடு

அன்புள்ள கே.ஆர்.,

மூன்று புத்தகங்களையும் எடுத்து, அட்டையில் பெரிதாக இருக்கும் பெயர்களை விட்டுவிட்டு, உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படியுங்கள். பாதி பதில் அங்கேயே இருக்கிறது.

சூப்பர்மேன் சிறப்பிதழில் டான் ஜர்கன்ஸின் பென்சிலுக்கு மை போட்டவர் பிரெட் பிரீடிங். 1992இல் சூப்பர்மேன் செத்து விழுந்த 75ஆம் இதழுக்கும் மை போட்டவர் அவரேதான். அடுத்தடுத்த கதைகளில் ஜெர்ரி ஆர்ட்வேயும் டாம் கிரம்மெட்டும், ரோஜர் ஸ்டெர்னும் புட்ச் கைஸும், லூயிஸ் சைமன்சனும் ஜான் பாக்டனோவும் என்று ஜோடி பிரியாமல் வருகிறார்கள். அதாவது அங்கே திரும்பி வந்தது ஒரு நட்சத்திரம் இல்லை, ஒரு பட்டறை.

மில்லரின் கணக்கு வேறு. 1986இல் வந்த ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ மூன்று பேரின் வேலை. மில்லர் பென்சில், பெரும்பகுதிக்கு மை கிளாவுஸ் ஜான்சன், வண்ணம் லின் வார்லி, அதுவும் கையால் தீட்டியது. பக்கத்துக்குப் பதினாறு கட்டம் என்ற சட்டகத்தை வைத்துக்கொண்டு, அதை எப்போது உடைப்பது என்று கணக்குப் போட்டு வரைந்த புத்தகம். நீங்கள் வாங்கிய, 2001–02இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜான்சன் இல்லை, மில்லரே மை போட்டார். வார்லி தூரிகையை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் போனார். சட்டகமும் போய், பக்கத்தை அடைக்கிற பெரிய படங்கள் வந்தன. பெயர் அதே, வேலைமுறை முழுக்கப் புதிது. நீங்கள் பாதியில் மூடியதற்கு மில்லரின் வயதோ கற்பனை வறட்சியோ காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார், அந்தக் கோணங்கித்தனத்தை ரசிப்பவர்களும் உண்டு. ஆனால் ‘ரிட்டர்ன்ஸ்’ மாதிரி இன்னொன்று என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். வேடிக்கை என்னவென்றால், 2015இல் தொடங்கிய மூன்றாம் பாகத்தின் முதன்மைக் கதைக்கு பென்சில் ஆண்டி க்யூபர்ட். ஆனால் மை ஜான்சன். என் கண்ணுக்கு, மில்லரே வரைந்த இரண்டாம் பாகத்தைவிட இதுதான் 1986க்கு நெருக்கமாகத் தெரிகிறது.

மை போடுவதைப் பென்சில் கோட்டின் மேல் மறுபடி கோடு இழுக்கிற வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பென்சிலில் சாம்பல் உண்டு, மையில் இல்லை. கறுப்பு அல்லது வெறும் தாள், இரண்டே நிலை. ஓவியர் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து வைத்த ஒரு நிழலை, வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7 மாதிரியான கூர்நுனித் தூரிகையால், கறுப்பில் தடித்துத் தொடங்கி வெளிச்சத்தை நோக்கி மெலிந்து முடியும் கோடுகளாக மாற்ற வேண்டும். இதை ஃபெதரிங் என்பார்கள். எத்தனை கோடு, எவ்வளவு இடைவெளி, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் மை போடும் இங்க்கரின் முடிவு. எண்பதுகளின் இங்க்கர் ஒருவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. நியூஸ்பிரிண்ட் தாள் மையை உறிஞ்சும், கோடு பரவித் தடிக்கும். அதனால் கோடுகளை நெருக்காமல் கொஞ்சம் திறந்தே விடுவார். அதே கையை இன்றைய வழவழப்பான தாளுக்கு வரையச் சொன்னால் கோடு பரவாது. மெலிந்து, உயிரில்லாமல் நிற்கும். “பழைய மாதிரி இல்லையே” என்ற புகாரில் பாதி இங்கே பிறக்கிறது.

மீதிப் பாதி வண்ணத்தில். கம்ப்யூட்டருக்கு முன்பு அமெரிக்க காமிக்ஸில் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றுக்கும் 25, 50, 100 சதவீதம் என்று மூன்றே அடர்த்திகள். வெறுமையையும் சேர்த்தால் நான்கு நிலை. நான்கை மூன்று முறை பெருக்கினால் 64 நிறங்கள். வண்ணம் தீர்மானிக்கும் கலரிஸ்ட், பக்கத்தின் நகலில் சாயத்தால் தீட்டி, ஒவ்வொரு இடத்துக்கும் குறியீடு எழுதி அனுப்புவார். வெள்ளைக்காரத் தோலுக்கு ஒய்2ஆர்2, அதாவது மஞ்சள் 25, சிவப்பு 25. கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த கூடத்தில் அதைப் பார்த்து ஒவ்வொரு நிறத்தின் ஒவ்வொரு அடர்த்திக்கும் தனித்தனிப் படலம் தயாரித்தார்கள். வண்ணம் தட்டையாகத்தான் இருக்க முடியும். ஆகவே உடலின் திரட்சி, துணியின் மடிப்பு, முகத்தின் நிழல் எல்லாவற்றையும் மையே சுமந்தது.

இப்போது ஒரு மூத்த ஓவியரின் பக்கத்தை ஸ்கேன் செய்து இளம் கலரிஸ்ட்டிடம் கொடுக்கிறார்கள். சூப்பர்மேனின் தோள்தசையில் இங்க்கர் ஏற்கெனவே ஏழெட்டுத் தூரிகைக் கோட்டில் நிழல் வைத்திருக்கிறார். கலரிஸ்ட் அதே இடத்தில் அடர்நீலத்திலிருந்து வெளிர்நீலம் வரை ஒரு படிப்படியான சாயலையும், மேலே ஒரு வெள்ளை மினுக்கையும் போடுகிறார். நிழல் மேல் நிழல். தசை நனைந்த ரப்பர் போல ஆகிவிடும், கோடுகள் அழுக்கு போலத் தெரியும். இருவரும் தனித்தனியே நல்ல வேலைக்காரர்கள்தான், இரண்டு வேலையும் ஒரே இடத்தில் நடந்ததுதான் கோளாறு. இதற்கு மருந்து எளிது: பழைய பாணி மைக்குத் தட்டை வண்ணம், மிஞ்சிப்போனால் ஒரே ஒரு நிழல் வெட்டு. படிப்படிச் சாயல் வேண்டுமானால் ஓவியரிடம் முன்பே சொல்லி, ஃபெதரிங் இல்லாத திறந்த கோடாக வாங்க வேண்டும்.

மறுபதிப்பில் இதற்கு நேர் எதிரான தவறு நடக்கிறது. பழைய 64 நிறங்களின் சதவீதத்தை அப்படியே எடுத்து, பளீர் வெள்ளை ஆர்ட் பேப்பரில் அடிக்கிறார்கள். பழுப்பேறிய நியூஸ்பிரிண்டில் 100 சதவீத மஞ்சள் சாதுவாக இருந்தது. ஆர்ட் பேப்பரில் கண்ணைக் குத்துகிறது. பூச்சில்லாத, சற்றே பழுப்புச் சாயலுள்ள தாள் போட வேண்டும், அல்லது அடர்த்தியைக் குறைக்க வேண்டும். இரண்டையும் செய்யாத தொகுப்புகளை விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள்.

வேலைமுறை என்று சொன்னேனே, எழுத்திலும் அது உண்டு. டிசியின் போட்டி நிறுவனமான மார்வெலில் வளர்ந்த ஓவியருக்குக் கதைச்சுருக்கம்தான் வரும். பக்கத்தில் எத்தனை கட்டம், சண்டைக்கு எத்தனை பக்கம் என்பதெல்லாம் அவர் தீர்மானித்து வரைந்த பிறகுதான் வசனம் எழுதப்படும். அப்படிப் பழகியவரிடம் கட்டம் கட்டமாக எழுதிய முழு ஸ்கிரிப்டை நீட்டினால், வரைவார், ஆனால் வேகம் போய்விடும். 2003இல் ‘ஃபார்மர்லி நோன் அஸ் தி ஜஸ்டிஸ் லீக்’ வந்தபோது, எண்பதுகளில் ‘ஜஸ்டிஸ் லீக்’ செய்த குழுவின் வேலைப் பங்கீட்டைக் கலைக்காமல் விட்டார்கள். கீத் கிஃபன் கதையை வகுக்க, ஜே. எம். டிமாட்டெய்ஸ் வசனம் எழுத, கெவின் மக்வயர் முகபாவங்களைப் பார்த்துக்கொண்டார். மை ஜோ ரூபின்ஸ்டைன். ஆறே இதழ். அடுத்த வருடம், அமெரிக்க காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் நகைச்சுவைப் பிரிவில் கிடைத்தது. மூத்தவர்களை வைத்துச் செய்த மீட்பில் எனக்கு முதலிடம் இதற்குத்தான், சூப்பர்மேன் சிறப்பிதழுக்கு அடுத்த இடம்.

‘எக்ஸ்-மென் ஃபாரெவர்’ விஷயத்துக்கு வருகிறேன். 1975 முதல் 1991 வரை பதினாறு வருடம் ‘எக்ஸ்-மென்’ தொடரை எழுதிய கிளேர்மான்ட், விலகிய இடத்திலிருந்தே 2009இல் தொடர்ந்தார். யோசனை அற்புதம். கெடுத்தது கால அட்டவணை. மாதம் இரண்டு இதழ் என்று அறிவித்தார்கள். ஒரு பென்சில் ஓவியர் நாளுக்கு ஒரு பக்கம் போட்டாலே நல்ல வேகம், மாதத்துக்கு ஓர் இதழ். ஆக, ஓவியர்கள் மாறி மாறித்தான் வர வேண்டும். டாம் கிரம்மெட் ஆரம்பித்து வைத்த முகங்கள் அடுத்த கதையில் வேறு முகங்களாகின. இன்னொன்று, கிளேர்மான்ட் விதையைப் போட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து அறுவடை செய்கிறவர். எப்போது நிறுத்துவார்களோ என்ற நிலையில் எழுதும்போது திருப்பங்களை எல்லாம் முன்னாலேயே கொட்டிவிட்டார். எக்ஸ்-மென்னின் முக்கிய ஹீரோக்களில் ஒருவனான வால்வரின் ஆரம்ப இதழ்களிலேயே செத்துப்போகிறான். அதிர்ச்சி இருக்கிறது, அதற்குத் தேவையான காத்திருப்பு இல்லை.

வயதையும் பேசத்தான் வேண்டும். எழுபது வயது ஓவியருக்கு மாத இதழ் கொடுப்பது அவருக்கும் நல்லதல்ல, வாசகனுக்கும் நல்லதல்ல. ஜார்ஜ் பெரெஸ் ‘நியூ டீன் டைட்டன்ஸ்: கேம்ஸ்’ புத்தகத்தை எண்பதுகளின் கடைசியில் தொடங்கி, பாதிக்கு மேல் வரைந்து நிறுத்தினார். அது 2011இல்தான் வெளிவந்தது. மார்வ் வுல்ஃப்மன் மீதியை எழுத, மை போடுவதற்கு வேறு ஆட்களும் கைகொடுத்தார்கள். 1983இல் பெரெஸ் ஆரம்பித்து, டிசி, மார்வெல் இரு நிறுவனங்களின் சண்டையில் முடங்கிய ‘ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்’ மறுபடி 2003–04இல்தான், கர்ட் பியூசியக்கின் எழுத்தில், 48 பக்கம் வீதம் நான்கு இதழ்களாக வந்தது. இரண்டிலும் தேதிக்காகப் படத்தைக் குறுக்கவில்லை என்பது பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். அத்தனை பேர் நிற்கும் கட்டத்திலும் பின்வரிசையில் இருப்பவனுக்கு முகம் இருக்கும். வெளியீட்டாளர் செய்யக்கூடியது இதுதான்: எட்டு, பத்துப் பக்கச் சிறுகதையோ அதிகபட்சம் ஆறு இதழோ கொடுத்து, பாதிக்கு மேல் கையில் வந்த பிறகே தேதி அறிவிப்பது. அமெரிக்காவில் கடைக்காரர்களிடம் இரண்டு மூன்று மாதம் முன்பே ஆர்டர் வாங்கிவிடுவார்கள். அதன் பிறகு தாமதமானால், இடையில் யாரையாவது போட்டு நிரப்பும் அவசரம் வந்துவிடும்.

வாங்கும் முன் என்ன பார்ப்பது? அட்டை ஓவியரும் உள்ளே வரைந்தவரும் ஒருவர்தானா என்று முதலில் பாருங்கள். மூத்தவரின் பெயர் அட்டைக்கு மட்டும் பயன்பட்டிருப்பது சாதாரணம். உள்ளே ‘லேஅவுட்ஸ்’ என்று அவர் பெயரும் ‘ஃபினிஷஸ்’ என்று இன்னொரு பெயரும் இருந்தால், எலும்பு அவருடையது, சதை மற்றவருடையது. அது கெட்ட ஏற்பாடு அல்ல, அந்த இரண்டாவது ஆளைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிறகு இங்க்கர், கலரிஸ்ட். முன்னோட்டமாக இணையத்தில் போடும் நாலைந்து பக்கத்தில் ஒரு முகத்தைப் பெரிதாக்கி, கன்னத்தில் மை நிழலும் வண்ண நிழலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, கதை எந்தக் காலத்தில் நடக்கிறது? சூப்பர்மேன் சிறப்பிதழின் கதைகள் எல்லாம் அந்த மரணத்தையே சுற்றுகின்றன. வளர்ப்புப் பெற்றோர், சக ஹீரோக்களான கார்டியன், ஸ்டீல் என்று அவரவர் கோணம். அவர்களுக்கு இன்றைய டிசி உலகத்தின் நிலவரம் தேவைப்படவில்லை. நடப்புக் கதையின் சிக்கலுக்குள் மூத்தவரை இறக்கிவிட்ட இதழ் என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

மாயாவியும் ஸ்பைடரும் வேறு கதை. நம் ஊரில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே மாயாவியை வைத்துத்தான். ஆனால் அவன் 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்தவன். வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ 1995இல் காலமானார், எழுதியவர்களில் டாம் டல்லி 2013இல். ஸ்பைடரை வரைந்த ரெஜ் பன் 1971இலேயே போய்விட்டார். ஸ்பைடருக்கு நெடுநாள் கதை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. மூத்த கையை ஒரு புது ஹீரோவிடம் கொண்டுவந்து விட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவரும் 1996இல் மறைந்தார். ஆக, ‘அதே ஆட்கள்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. உரிமைகளை 2016, 2018 இரு தவணையாக வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம், 2018இல் ‘தி விஜிலன்ட்’ என்று பிரிட்டனின் பழைய ஹீரோக்கள் சிலரைக் கூட்டிப் புதுக்கதை போட்டுப் பார்த்தது. எழுதிய சைமன் ஃபர்மன் அனுபவசாலிதான், ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. அதே நிறுவனம் 2021இல் தொகுத்த மாயாவி, ஸ்பைடர் கறுப்பு-வெள்ளை மறுபதிப்புகளை வாங்குங்கள். யாராவது அவற்றுக்கு வண்ணம் ஏற்றி விற்றால் தொடாதீர்கள். அந்தப் பக்கங்களில் நிறத்துக்கு இடமே விடாமல்தான் மை போட்டிருக்கிறார்கள்.