பழைய லைக்கா கேமராக்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கறுப்பு நிற லைக்கா 2 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதன் வரிசை எண்ணைப் பட்டியலில் தேடினால் 1929 என்று காட்டுகிறது. லைக்கா 2 வெளிவந்ததோ 1932இல். இது போலியா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: எண்ணும் உருவமும் பொருந்தவில்லை என்பதை மட்டும் கொண்டு போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்து, எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் 1925இல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் அறிமுகப்படுத்திய முதல் லைக்காவில் லென்ஸ் கழற்ற முடியாதபடி உடலோடு இணைந்திருந்தது. தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும் உள்ளே கிடையாது, வேண்டுவோர் தனியாக வாங்கி மேலே செருகிக்கொண்டார்கள். லென்ஸோடு சேர்ந்து இயங்கும் ரேஞ்ச்ஃபைண்டருடன் லைக்கா 2 வந்த பிறகு, பழைய கேமராவை ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் இருந்த லைட்ஸ் தொழிற்சாலைக்கு அனுப்பிவைத்தால், கட்டணம் பெற்றுக்கொண்டு, ரேஞ்ச்ஃபைண்டரையும் மாற்று லென்ஸ்களை ஏற்கும் திருகு வளையத்தையும் பொருத்தித் தரும் வசதியை அந்நிறுவனமே அளித்தது. வரிசை எண் மட்டும் பழையபடியே நின்றது. உங்களுக்கு வந்திருப்பது அப்படி மாற்றப்பட்ட ஒன்றாக இருக்கலாம்.

மாற்றப்படாத முதல் மாடலுக்குத்தான் சந்தையில் விலை அதிகம் என்பது உண்மையே. ஆயினும், செய்த கைகளே திருத்திய கேமராவை 'அசல் நிலையில் இல்லாதது' என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. அதை மீண்டும் 1929இன் தோற்றத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று யாராவது முன்வந்தால், அப்போதுதான் அது அசலை இழக்கும்.

கேள்வி: பொன்முலாம் பூசிய, 1936 பெர்லின் ஒலிம்பிக் முத்திரையுள்ள லைக்காவை இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா? – மதுரை வாசகர்

பதில்: லைக்கா என்று நம்பி வாங்க வேண்டாம். அன்றைய சோவியத் யூனியனின் கார்கிவ் நகரில், ஜெர்ஜின்ஸ்கி பெயரிலான தொழிற்கம்யூனில் (ஆதரவற்ற சிறுவர்கள் தங்கித் தொழில் பழகிய அமைப்பு) 1934 முதல் தயாரான ஃபெட் கேமராக்களும், மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னகோர்ஸ்கில் 1948 முதல் தயாரான ஸோர்க்கி கேமராக்களும் லைக்கா 2இன் நகல்கள். அவற்றின் சொந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, லைக்கா என்ற பெயரையும் ஒலிம்பிக், ஜெர்மன் படைச் சின்னங்களையும் பொறித்து, முலாம் பூசி விற்பது நெடுநாள் வியாபாரம். லைட்ஸ் நிறுவனம் பொன்முலாம் பூசிப் பல்லித்தோல் போர்த்தி விற்ற லக்ஸஸ் கேமராக்கள் உண்டுதான்; ஆனால் அவை ஏறக்குறைய எல்லாமே ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாத முதல் மாடலின் உடலில் செய்யப்பட்டவை.

லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். லென்ஸின் பின்புறத்தைத் தொட்டு நகரும் ரேஞ்ச்ஃபைண்டர் கரத்தின் முனையில், லைக்காவில் சிறு உருளை ஒன்று சுழலும். சோவியத் நகல்களில் அந்த இடத்தில் சுழலாத ஆப்பு போன்ற உலோகத் துண்டே இருக்கும். எல்மார் (லைட்ஸின் லென்ஸ் பெயர்) என்று பொறித்த 50 மி.மீ. லென்ஸையும் சோதிக்கலாம். அசல் எல்மாரில் துவாரத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடுகள் முதல் கண்ணாடிக்கு அடுத்தே அமைந்திருக்கும். நகலில் அவை இரண்டாம் கண்ணாடிக்கும் பின்னால் தள்ளி இருக்கும். மேலே பொறித்த எழுத்தை எவரும் மாற்றிவிடலாம், இவற்றை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், முலாம் பூசாத, பழுதில்லாத ஆரம்பகால ஃபெட் ஒன்று, தன் சொந்தப் பெயரிலேயே சேகரிக்கத் தகுந்த பொருள்.

கேள்வி: என் கேமராவில் கறுப்பு வண்ணம் தேய்ந்து பித்தளை தெரிகிறது. ஷட்டர் துணியிலும் ஓட்டைகள். இரண்டையும் சரிசெய்யலாமா? – யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: வண்ணத்தைத் தொடாதீர்கள், புதிதாகப் பூசினால் மதிப்புக் குறையும். ஷட்டரின் ரப்பர் பூசிய துணித்திரை எப்படியும் காலப்போக்கில் வெடிப்பது, அதைத் தேர்ந்தவரிடம் கொடுத்து மாற்றுவதைச் சேகரிப்பாளர்கள் குறையாகக் கருதுவதில்லை. கழற்றும்போது மேலுறையான வல்கனைட் என்ற கடின ரப்பர் உதிராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், பழையதில் அது பிஸ்கட்டைப் போலப் பொடியும். கேமராவை அதன் தோல் உறைக்குள்ளேயே பூட்டி வைப்பதையும் தவிர்க்கவும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் லென்ஸில் பூஞ்சை படர அந்த உறையே போதும். உறையைத் தனியாகவும், கேமராவைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப் புகாத டப்பாவிலும் வையுங்கள்.