அடுக்குச் சமன்பாட்டில் பொதுக் காரணி: கேள்வி பதில்

(தட்டச்சு வசதிக்காகத் தெரியாத அடுக்கை ந என்கிறோம். 2^ந என்றால் 2-இன் அடுக்கு ந.)

கேள்வி: சார், 2^(ந+3) + 2^ந = 72. அடிமானம் ஒன்றுதானே என்று அடுக்குகளைக் கூட்டி 2^(2ந+3) = 72 என்று போட்டேன். விடை வரவில்லை.

பதில்: வராது. அடுக்கைக் கூட்டுவது பெருக்கலுக்கு மட்டும். நடுவில் கூட்டல் குறி நின்றால் அந்த விதிக்கு அங்கே வேலை இல்லை. அதைப் பின்னோக்கிப் பயன்படுத்துங்கள்: 2^(ந+3) = 8 × 2^ந. இப்போது இரண்டு உறுப்பிலும் 2^ந இருக்கிறது. வெளியே எடுத்தால் 2^ந (8 + 1) = 72. இந்த 1-ஐத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓர் உறுப்பை முழுசாக வெளியே எடுத்தால் உள்ளே 1 நிற்கும், சுழி அல்ல. 2^ந = 8, ந = 3. சரிபார்க்க: 64 + 8 = 72.

கேள்வி: 3^(ந+1) + 3^(ந−1) = 90. எதை வெளியே எடுப்பது?

பதில்: இருப்பதிலேயே சின்ன அடுக்கை, அதாவது 3^(ந−1)-ஐ. அடைப்புக்குள் 9 + 1. ஆக 3^(ந−1) = 9, ந − 1 = 2, ந = 3. 3^ந-ஐ எடுத்தாலும் தப்பில்லை. ஆனால் உள்ளே 3 + 1/3 வரும், 90-ஐ 10/3-ஆல் வகுக்க வேண்டும். பரீட்சை ஹாலில் அங்கேதான் கை தடுமாறும்.

கேள்வி: 2^(ந+1) + 2^ந = 15. 2^ந = 5 என்று நின்றுவிட்டது. தப்பா?

பதில்: சரிதான். மடக்கை (log) எடுங்கள்: ந = log 5 ÷ log 2 = 0.6990 ÷ 0.3010, ஏறக்குறைய 2.32. ஆனால் முதல் வரியிலேயே மடக்கை எடுக்காதீர்கள். கூட்டலைப் பிரிக்க மடக்கை விதி கிடையாது.

கேள்வி: 5^(ந+2) + 5^ந = 130. அடுக்கைக் கூட்டலாமா?

பதில்: கூடாது. அடைப்புக்குள் 26 வரும். மீதி முதல் பதிலில்.

கேள்வி: ந × 3^ந = 9ந. ந-ஆல் வகுத்தேன், ந = 2. புத்தகத்தில் இரண்டு விடை இருக்கிறதே?

பதில்: ந சுழியாகவும் இருக்கலாமே. வகுத்தபோதே அந்த விடை போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவாருங்கள்: ந(3^ந − 9) = 0. ந = 0 அல்லது 2. 3^ந-ஆல் தாராளமாக வகுக்கலாம், அது ஒருபோதும் சுழியாகாது. ந-ஆல் வகுக்காதீர்கள்.

கேள்வி: 7^(ந+1) + 7^ந = 56. அடுக்கைக் கூட்டி...

பதில்: முதல் பதிலைப் படித்துவிட்டு வாங்க தம்பி.

கேள்வி: 4^ந + 2^ந = 72. 2^ந (2^ந + 1) = 8 × 9, ஆகவே 2^ந = 8 என்று எழுதினேன். டியூஷனில் மார்க்கே போடவில்லை.

பதில்: விடை சரி, காரணம் இல்லை. பெருக்கல் பலன் சுழி என்றால்தான் காரணிகளைத் தனித்தனியே பிரிக்கலாம். 2^ந முழு எண் என்று யார் சொன்னது? 2^ந = த என்று வையுங்கள்: த² + த − 72 = 0, (த + 9)(த − 8) = 0. த = −9 ஆகாது. ந = 3.

குறுக்கே ஓர் ஆசிரியர்: அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கல் 72. 8, 9 தவிர வேறு ஏது? இதற்கு இருபடி எதற்கு?

பதில்: −9, −8-உம் அடுத்தடுத்த எண்கள்தானே ஐயா.

ஆசிரியர்: 2^ந மிகை எண். அவை தானாகவே விழுந்துவிடும்.

பதில்: அந்த வரி விடைத்தாளில் இல்லையே! அதோடு இன்னொன்றும் வேண்டும்: ந கூடக் கூட 2^ந, 2^ந + 1 இரண்டும் கூடும், இரண்டும் மிகை, ஆக அவற்றின் பெருக்கலும் கூடிக்கொண்டே போகும். 72-ஐ ஒரே தடவைதான் தொடும். இவ்வளவும் எழுதினால் நான் முழு மார்க் போடுவேன். இருபடியைவிட எனக்கு இது பிடிக்கும். ஆனால் வலது பக்கம் 70 என்று மாற்றிப் பாருங்கள். 2^ந முழு எண்ணாக வராது, காரணி தேடிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்னொருவர்: 4^ந − 2^ந = 56 என்றால் அதே வாதம் நிற்குமா?

பதில்: நல்ல கேள்வி. அப்படியே நிற்காது. த(த − 1) முதலில் குறைந்து, த = 1/2 தாண்டிய பிறகே கூடும். ஆனால் பலன் 56, மிகை. ஆக த 1-ஐவிடப் பெரிது. அந்தப் பகுதியில் கூடிக்கொண்டே போகிறது. 8 × 7, ந = 3.

கேள்வி: 3^(ந+1) − 3^(ந−1) = 2^(ந+2). அடிமானமே வேறு வேறு.

பதில்: இடது பக்கம் 8 × 3^(ந−1). வலது பக்கத்தை 8 × 2^(ந−1) என்று பிரியுங்கள். 8 அடிபடும். 2^(ந−1)-ஆல் வகுத்தால் (3/2)^(ந−1) = 1. அடிமானம் 1 இல்லாத மிகை எண் என்பதால் அடுக்கு சுழியாகத்தான் வேண்டும். ந = 1. போட்டுப் பாருங்கள்: 9 − 1 = 8.