பி. சுப்பராயன் எந்தக் கட்சியும் இல்லாமல் சென்னை மாகாண முதன்மை அமைச்சரானது எப்படி?

1926 தேர்தலில் அதிக இடங்கள் பிடித்தது சுயராஜ்யக் கட்சி. ஆனால், இரட்டை ஆட்சி முறையில் (சில துறைகள் மட்டும் இந்திய அமைச்சர்களிடம், முக்கியமானவை ஆளுநரிடம்) பதவி ஏற்க மாட்டோம் என்று ஒதுங்கிவிட்டார்கள். நீதிக்கட்சிக்கோ போதிய பலம் இல்லை. அப்போதுதான் ஆளுநர் கோஷென், குமாரமங்கலம் ஜமீன்தாரான சுப்பராயனைக் கூப்பிட்டார். சுயேச்சை என்பதுதான் அவருக்கு வாய்த்த வசதி.

இந்தியாவின் ஆட்சிமுறையை ஆராய வந்த பிரிட்டிஷ் குழுவான சைமன் கமிஷன் விவகாரத்தில் அவருடைய இரண்டு அமைச்சர்களும் விலகினார்கள். சரி, ஆட்சி கவிழ்ந்தது என்று பார்த்தால், அதுவரை எதிர்த்த நீதிக்கட்சியே கைகொடுத்தது! புதிதாக வந்த முத்தையா முதலியார்தான் வகுப்புவாரி இட ஒதுக்கீட்டு ஆணையை நடைமுறைப்படுத்தியவர். என் கணக்கில், அந்த ஆட்சியின் நிலைத்த வேலை அதுதான். 1930 வரை ஓட்டினார்.

அப்புறம் காங்கிரஸ். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வி. 1947-ல் ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை. முதன்மை அமைச்சராக இருந்தவர் இன்னொருவருக்குக் கீழே அமைச்சராக இருக்கத் தயங்கவில்லை. இந்தோனேசியத் தூதர், நேரு அமைச்சரவையில் போக்குவரத்து என்று போய், 1962-ல் மகாராஷ்டிர ஆளுநராக இருக்கும்போதே காலமானார். இடையில் இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவராகவும் இருந்தார். மகன்களில் ஒருவர் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தார். இன்னொருவர் இந்திரா காந்தி அமைச்சரவையில் இருந்த மோகன் குமாரமங்கலம்.