வெயில்ல நிண்ட பைக் டயர்ல அமுக்கம் ரெண்டு மடங்காகுமா?

தம்பி, விடிய 27 பாகைல 30 பிஎஸ்ஐ (அமுக்கத்திண்ட அலகு) அடிச்ச டயர் திருகோணமலை மத்தியான வெயில்ல நிண்டு 54 பாகைக்கு சூடானா கேஜ் 60 காட்டுமோ எண்டு கேட்டிருக்கிறீங்க. காட்டாது. ஏ எல்ல நானும் இதிலதான் வழுக்கினனான்.

வாயுக்களிண்ட சமன்பாடு பிவி சமன் என்ஆர்டி (பி அமுக்கம், வி கனவளவு, என் வாயுவிண்ட அளவு, ஆர் மாறிலி, டி வெப்பநிலை), அதில டி எண்டுறத கெல்வின்ல போடவேணும், 273 ஐ கூட்டினா 300 ல இருந்து 327, அப்ப அமுக்கமும் 9 வீதம்தான் ஏறுது. இன்னொண்டு, கேஜ் காட்டுற 30 வெளிக்காத்துக்கு மேலால உள்ள அமுக்கம், அதால வளிமண்டலத்திண்ட 14.7 ஐயும் சேத்து 44.7 எண்டு எடுத்து 1.09 ஆல பெருக்கி, வாற 48.7 ல திரும்ப 14.7 ஐ கழிச்சா கேஜ்ல 34. டயர் விரியேல்ல எண்டு வச்சுத்தான் இந்தக் கணக்கு.

பொயில் எண்ட விஞ்ஞானி 1662 ல சொன்னது வெப்பநிலை மாறாட்டி அமுக்கம் கூட கனவளவு குறையும் எண்டு. அத நிலாவெளிப் பக்கம் பாக்கலாம், புறாத்தீவில சிலிண்டரோட இறங்குறவைக்கு மூச்ச அடக்காத எண்டு சொல்லுறது இதாலதான். 10 மீற்றர் ஆழத்தில அமுக்கம் ரெண்டு மடங்கு, அங்க இழுத்த 3 லீற்றர் காத்து மேல வரேக்க 6 லீற்றராகப் பாக்கும், நுரையீரல் கிழிஞ்சிடும்.

குசினி காஸ் சிலிண்டருக்கு மட்டும் இந்தச் சமன்பாட்டப் போட்டு எவ்வளவு காஸ் மிச்சம் எண்டு பாத்திடாதீங்க, உள்ள திரவமா கிடக்கு, அது முடியுமட்டும் அமுக்கம் அசையாது, தராசில வச்சு நிறுக்கிறதுதான் வழி.