எத்தனை அங்குல வயோலா வாங்கலாம்? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகளுக்கு வயது 16. ஏழு ஆண்டுகளாக மேற்கத்திய முறையில் வயலின் கற்று வருகிறாள். இப்போது அவளுடைய இசைக்குழுவில், வயலினைப் போன்றே ஆனால் சற்றுப் பெரிதாகவும் தாழ்ந்த சுருதியிலும் உள்ள வயோலாவுக்கு மாறச் சொல்கிறார்கள். கடையில் 15, 15½, 16, 16½ அங்குலம் என்று வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். வயலினுக்கு முழு அளவு என்று ஒன்றுதானே இருக்கிறது, வயோலாவுக்கு மட்டும் ஏன் இத்தனை? பெரியதாக வாங்கினால் நாதம் நன்றாக இருக்குமா? – ஒரு வாசகி, சென்னை

பதில்: வயோலாவுக்கு உரிய சரியான அளவில் ஒரு வயோலாவைச் செய்தால், அதைத் தோளில் வைத்து வாசிக்க எவராலும் இயலாது. இத்தனை அளவுகள் புழங்குவதற்குக் காரணம் அதுதான்.

வயோலாவின் நான்கு தந்திகளும் வயலின் தந்திகளைவிட ஒரு ச–ப இடைவெளி கீழே சேர்க்கப்படுகின்றன. வயலினின் கடைசித் தந்தி ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். வயோலாவின் கடைசித் தந்தியான சி ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். விகிதம் மூன்றுக்கு இரண்டு. வயலின் உடலின் நீளம் சுமார் 14 அங்குலம் என்பதால், அதே பொருத்தம் வயோலாவிலும் அமைய வேண்டுமானால் உடல் 21 அங்குலம் இருக்க வேண்டும். நடைமுறையில் 15 முதல் 17 அங்குலத்துக்குள் செய்கிறார்கள். எனவே ஒவ்வொரு வயோலாவும் நாதத்துக்கும் கைக்கும் இடையே ஒரு கைவினைஞர் செய்துகொண்ட சமரசமே.

இந்தச் சமரசத்தின் விளைவைக் காதால் கேட்கலாம். வயலினின் உள்ளே அடைபட்டிருக்கும் காற்றும் அதன் மரப் பலகைகளும் தமக்கே உரிய சில அதிர்வெண்களில் பலமாக ஒத்ததிர்கின்றன. அவற்றுள் முக்கியமான இரண்டும் நடுவிலுள்ள டி, ஏ தந்திகளின் சுருதியை ஒட்டியே விழுவதால் வயலினின் ஒலி பளிச்சென்று எழுகிறது. வயோலாவிலோ உடல் போதிய அளவு பெரியதாக இல்லாததால், அந்த ஒத்ததிர்வுகள் நடுத்தந்திகளின் சுருதிக்கு மேலே தள்ளிப்போய்விடுகின்றன. மந்திர சுரங்களுக்குப் பெட்டியின் துணை குறைகிறது. ஒலியில் ஒரு மூடாக்கும், சற்றே மூக்கால் பாடுவது போன்ற தன்மையும் சேர்கின்றன. இதைக் குறை என்று சொல்வோர் உண்டு. வயோலாவை விரும்பிக் கேட்பவர்களை ஈர்ப்பதும் அந்தக் குரல்தான் என்பது என் எண்ணம்.

பெரிய வயோலாவுக்கான ஆசை புதிதல்ல. ஃப்ளாரன்ஸின் மெடிச்சி குடும்பத்துக்காக 1690-இல் புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த வயோலாக்களில் ஒன்று சுமார் 41 செ.மீ., மற்றொன்று சுமார் 48 செ.மீ. நீளமுள்ளது. பெரியது இன்றும் வெட்டப்படாமல் அதே நகரில் இருக்கிறது. அக்காலத்துப் பெரிய வயோலாக்கள் பலவற்றுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. பின்னால் வந்தவர்கள் வாசிக்க வசதியாக அவற்றின் ஓரங்களை அறுத்துச் சிறிதாக்கிவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஹெர்மன் ரிட்டர் ஏறத்தாழ 48 செ.மீ. நீளமுள்ள வயோலாவை உருவாக்கி வாசித்தார். இசையமைப்பாளர் வாக்னரும் அதைத் தம் இசைக்குழுவில் ஏற்றார். ஆனாலும் சாதாரணக் கைகளுக்கு எட்டாததால் அது நிலைக்கவில்லை. பின்னர் இங்கிலாந்தின் வயோலா கலைஞர் லயனல் டெர்டிஸ், ஆர்தர் ரிச்சர்ட்சன் என்ற கைவினைஞருடன் சேர்ந்து 16¾ அங்குலத்தில் ஒரு வடிவத்தை வகுத்தார். தோளில் தாங்கக்கூடிய உச்ச அளவு அதுவே என்பது அவருடைய முடிவு.

உங்கள் மகளின் விஷயத்துக்கு வருவோம். கடைக்காரர் சொல்லும் அங்குலம் முதுகுப் பலகையின் நீளம் மட்டுமே. நாதத்துக்கு அந்த நீளத்தைப் போலவே கீழ்ப்பகுதியின் அகலமும், பக்கச்சுவரின் உயரமும், பலகைகளின் கனமும் முக்கியம். அகன்று ஆழமாக அமைந்த 15½ அங்குல வயோலா, ஒடுங்கிய 16½ அங்குல வயோலாவைவிடக் கம்பீரமாகப் பேசக்கூடும். கைக்கு முக்கியமானது, தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரைக்கும் கழுத்தின் மேல்முனைக்கும் இடையிலுள்ள தந்தி நீளம். வயலினில் அது 33 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 16 அங்குல வயோலாவில் 37 செ.மீ. அளவில் இருக்கும். அதாவது ஒவ்வொரு விரல் இடைவெளியும் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. ஒரே அங்குலக் கணக்குள்ள இரு வயோலாக்களில் இந்த நீளம் வேறுபடலாம் என்பதால், அளவுநாடாவைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

வாசிக்கும் நிலையில் வயோலாவை வைத்து, இடக்கையை நீட்டிக் கழுத்தின் முனையிலுள்ள சுருள்தலையை உள்ளங்கையால் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும். கை விறைத்து நீண்டால் அளவு பெரிது. பிறகு முதல் நிலையிலேயே (கை கழுத்தின் மேல்முனையை ஒட்டியிருக்கும் நிலை) சி தந்தியில் சுண்டுவிரலைப் பயன்படுத்திப் பத்து நிமிடம் வாசிக்கட்டும். மணிக்கட்டு வெளிப்புறம் தள்ளினாலோ, முன்கையில் இழுப்பு தெரிந்தாலோ, நாதம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வளர்ந்துவிடுவாள் என்று எண்ணி ஓர் அளவு பெரியதாக வாங்குவது பள்ளிச் சீருடைக்குப் பொருந்தும், வயோலாவுக்குப் பொருந்தாது.

கேள்வி: என்னுடைய 15½ அங்குல வயோலாவில் சி தந்தி மட்டும் மந்தமாக ஒலிக்கிறது. பெரிய வயோலாவுக்கு மாறுவதுதான் வழியா? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலில் தந்தியை மாற்றிப் பாருங்கள். நீளம் குறைந்த வயோலாவில் அதே சுருதியைப் பெறத் தந்தி தளர்வாகவோ கனமாகவோ இருக்க வேண்டியுள்ளது; தளர்ந்தால் வில்லுக்குப் பிடி கொடுக்காது, தடித்தால் பேசத் தாமதிக்கும். டங்ஸ்டன் சுற்றிய சி தந்திகள் மெலிந்திருந்தும் கனமானவை என்பதால் சிறிய வயோலாக்களுக்கு நன்கு உதவுகின்றன. தந்திகள் நீளத்துக்கு ஏற்பத் தனித்தனியே விற்கப்படுவதால், உங்கள் தந்தி நீளத்தை அளந்த பிறகே வாங்குங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், குதிரையையும் உள்ளே நிற்கும் சிறு மரத்தூணையும் ஒரு நல்ல கைவினைஞரிடம் காட்டுங்கள். வயலின் வில்லால் வாசிக்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. வயலின் வில் 60 கிராம் அளவு, வயோலா வில் 70 கிராம் அளவு எடையுள்ளது. அந்தப் பத்து கிராம் சி தந்தியில்தான் தெரியும்.

கேள்வி: கர்நாடக இசையைத் தரையில் அமர்ந்து வாசிக்கிறோம். அப்படியானால் பெரிய வயோலா தடையில்லையே? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாதித் தடை நீங்குகிறது. டாக்டர் எம். பாலமுரளிகிருஷ்ணா வயோலாவும் வாசித்தவர் என்பது தெரிந்ததே. சுருள்தலை பாதத்தில் ஊன்றியிருப்பதால் பாரம் இடக்கையில் இறங்குவதில்லை; கமகங்களை ஓரிரு விரல்களால் இழுத்து வாசிப்பதால் சுண்டுவிரலை நீட்டும் தேவையும் குறைவு. ஆனால் மார்புக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள தூரம் உங்கள் உடம்பு வகுத்தது. வயோலா அதைவிட நீண்டால் காலை முன்னே தள்ளியோ முதுகைச் சாய்த்தோ உட்கார நேரும். ஆகையால் கடையிலும் நின்றபடி பார்க்காமல், தரையில் சம்மணமிட்டு அமர்ந்தே வாசித்துப் பாருங்கள்.