மாறப்போகும் கட்டுப்பாட்டுப் பெட்டி

கேள்வி: அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் 2027 முதல் கட்டுப்பாட்டுக் கருவி மாறுகிறதாமே? என் மகளின் பள்ளி அணி, தான் பயன்படுத்தும் ரோபோரியோ என்ற கட்டுப்பாட்டுக் கருவியை இப்போதே கைவிட வேண்டுமா?
- வாசகர், மிச்சிகன்

பதில்: வேண்டியதில்லை, ஆனால் உதிரிக்கென்று இன்னொரு ரோபோரியோ வாங்குவதைத் தவிர்க்கலாம். இந்தப் போட்டிக்கான கட்டுப்பாட்டுக் கருவியாக 2009இல் சிரியோவும் 2015இல் ரோபோரியோவும் வந்ததைப் போல, இப்போது லைம்லைட் நிறுவனத்தின் சிஸ்டம்கோர் வருகிறது. உண்மையான வேலை இணைப்பு முனைகளில்தான் இருக்கிறது. ரோபோரியோவில் பிடபிள்யூஎம் முனைகள் (மோட்டாருக்கான வேகக் கட்டளையைத் தனிக் கம்பியில் மின்துடிப்புகளாக அனுப்புபவை) 10, டிஜிட்டல் முனைகள் 10, கேன் பாதை (பல கருவிகள் ஒரே கம்பி இணையில் செய்தி பரிமாறும் வழி) ஒன்றே ஒன்று. சிஸ்டம்கோரிலோ கேன் பாதைகள் 5 இருக்க, மற்ற முனைகள் குறைந்துவிடுகின்றன. ஆகவே பிடபிள்யூஎம் கம்பியில் ஓடும் பழைய மோட்டார் கட்டுப்படுத்திகளை, கையில் பணம் இருக்கும்போதே, ஒவ்வொன்றாகக் கேன் வகைக்கு மாற்றிவருவது நல்லது. நிரலிலும், ரோபோவின் கை எப்போது உயர வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதியை, எந்த மோட்டார் எந்த முனையில் என்று குறிக்கும் பகுதியிலிருந்து பிரித்து எழுதச் சொல்லுங்கள்; மாற்றும் நாளில் பின்னதைத் திருத்துவதே பெரும்பகுதி வேலையாக இருக்கும். கேன் கம்பியை இழுத்துப் பார்த்துச் சோதிக்கும் பழக்கமும் வேண்டும்: தொடராக இணைத்த அந்த மஞ்சள், பச்சைக் கம்பிகள் ஓரிடத்தில் கழன்றாலே அதற்கப்பாலுள்ள மோட்டார்கள் அனைத்தும் ஊமையாகிவிடும்.